குளிர்ந்த, கலங்கிய நீரில் எடுத்த படம் ஏன் கெடுகிறது: அறிகுறி வாரியாக

இங்கிலாந்தில் லெஸ்டருக்குப் பக்கம் ஸ்டோனி கோவ் என்றொரு பழைய கருங்கல் குவாரி. கல் உடைப்பது நின்று தண்ணீர் ஏறி, இப்போது டைவர்கள் பயிற்சி எடுக்கும் இடமாகிவிட்டது. குளிர்காலத்தில் தண்ணீர் 5 டிகிரி செல்சியஸை ஒட்டி நிற்கும். சனி, ஞாயிறு பத்து மணிக்கு மேல் புதிதாகப் பழகுபவர்கள் அடிச்சேற்றைக் கிளப்பிவிட்டால் நீட்டிய கையின் விரல் தெரியாது. நான் படம் எடுக்கப் பழகியதும், படத்தைக் கெடுக்கப் பழகியதும் இங்கேதான். கீழே உள்ளவை இங்கேயும், ஸ்காட்லாந்துக் கடலிலும் எனக்கும் என்னோடு இறங்குபவர்களுக்கும் திரும்பத் திரும்ப வந்த கோளாறுகள்.

கேமராவின் சின்னத் திரையை நம்பாதீர்கள். கரையேறி, கணினியில் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு எந்தத் தலைப்பு பொருந்துகிறதோ அதற்கு நேராகப் போங்கள். ஒவ்வொன்றிலும் காசு செலவில்லாத காரணம் முதலில் வரும், கடைக்குப் போக வேண்டியது கடைசியில் வரும். கடைசியிலிருந்து தொடங்குபவர்கள்தான் அதிகம். புது ஸ்ட்ரோப் (கேமராவுக்கு வெளியே கை நீட்டி மாட்டும் நீரடி ஃபிளாஷ்) வாங்கிக்கொண்டு போய், பழைய குப்பைப் படத்தையே இன்னும் பளிச்சென்று எடுத்து வருவார்கள். நானும் அப்படி ஒருவன்தான்.

## படம் முழுக்க வெள்ளைப் புள்ளி, ரவை தூவியது போல

இந்த நீரில் பத்தில் எட்டுப் புகார் இதுதான். முதலில் அடுத்தடுத்து எடுத்த மூன்று படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

### புள்ளி ஒவ்வொரு படத்திலும் அதே இடத்தில் இருந்தால்

தண்ணீர் மேல் பழி போடாதீர்கள். வட்டமாக, மங்கலாக, ஓரம் வெளுத்திருந்தால் அது போர்ட்டின் (கேமராவை அடைக்கும் நீர்புகாப் பெட்டியான ஹவுசிங்கில் லென்ஸுக்கு முன்னால் இருக்கும் கண்ணாடி) வெளிப்பக்கம் ஒட்டிய காற்றுக் குமிழி. இறங்கியதும் இரண்டு மீட்டர் ஆழத்தில் நின்று கண்ணாடியைக் கையுறையால் ஒருமுறை துடைத்துவிட்டுத்தான் மேற்கொண்டு போக வேண்டும். போர்ட்டின் மேல் தண்ணீருக்குள்ளேயே மாட்டிக் கழற்றும் வெட் லென்ஸ் வைத்திருப்பவர்கள் அதைக் கழற்றி, இடையில் சிக்கிய குமிழியை வெளியேற்றி மறுபடி மாட்டுங்கள். சேறு கிளம்பிய இடத்தில் கழற்றினால் குமிழி போய்த் துகள் வந்து உட்காரும், அதனால் இறங்கிய உடனேயே செய்துவிடுவது நல்லது.

புள்ளி கறுப்பாக, சின்னதாக, எஃப் 16 போன்ற சிறிய துவாரத்தில் மட்டும் தெரிந்தால் சென்சாரில் தூசி. கேமராவின் சொந்தச் சுத்திகரிப்பை இரண்டு முறை ஓட்டிப் பாருங்கள். போகவில்லையென்றால் சர்வீஸ் கடைக்காரரிடம் கொடுங்கள். கையால் தொட வேண்டாம்.

### புள்ளி இடம் மாறி மாறி வந்தால்

இதுதான் அசல் ரவை. லென்ஸுக்கும் பொருளுக்கும் நடுவில் மிதக்கும் துகளின் மேல் உங்கள் ஸ்ட்ரோப் வெளிச்சம் விழுகிறது. வரிசையாகப் பாருங்கள்.

முதலில் உங்கள் கால். படத்தில் ரவை கீழ்ப்பாதியில் அடர்த்தியாக இருந்தால் அந்தச் சேற்றைக் கிளப்பியது நீங்களேதான். துடுப்பை மேலும் கீழும் அடிக்காமல், தவளை நீந்துவது போலப் பக்கவாட்டில் உதையுங்கள். முழங்காலில் ஊன்றிப் படம் எடுக்கும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். அப்படி எடுத்த முதல் படம் நன்றாக வரும், இரண்டாவதிலிருந்து மாவு மில்தான். காலை ஒன்பது மணிக்கு முன்பே இறங்குவது, வாரநாளில் விடுப்புப் போட்டுப் போவது ஆகியவற்றையும் இந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம். எந்த லென்ஸையும்விட அவை பலன் தந்திருக்கின்றன.

அடுத்தது தூரம். கண்ணுக்கு எவ்வளவு தூரம் தெரிகிறதோ அதில் ஐந்தில் ஒரு பங்குக்குள் பொருள் இருக்க வேண்டும் என்பது என் கணக்கு. மூன்று மீட்டர் தெரிகிற நாளில் 60 சென்டிமீட்டர்தான் எல்லை. இதை ஏமாற்ற வழியே இல்லை. தண்ணீருக்கடியில் எல்லாம் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு கிட்டத்தில் தெரியும் என்பதை மறந்து, "கிட்டதானே இருக்கேன்" என்று நினைத்துக்கொள்வோம். கையை நீட்டிப் பாருங்கள். பொருள் எட்டவில்லையென்றால் நீங்கள் கிட்டத்தில் இல்லை.

மூன்றாவது ஸ்ட்ரோப் நிற்கும் இடம். இதற்கு ஒரு சோதனை உண்டு. பொருள் எதுவும் இல்லாத வெறும் தண்ணீரைப் பார்த்து நான்கு படம் எடுங்கள்: இரண்டு ஸ்ட்ரோப்பும் எரிந்து ஒன்று, இடது மட்டும், வலது மட்டும், இரண்டும் அணைந்து ஒன்று. எந்தப் படத்தில் ரவை அதிகமோ அந்தப் பக்கத்து ஸ்ட்ரோப்பைத் தாங்கும் உலோகக் கையை அகலமாக விரித்து, போர்ட்டின் முகத்துக்குப் பின்னால் இழுத்து, ஸ்ட்ரோப்பின் முகத்தைக் கொஞ்சம் வெளிப்பக்கம் திருப்புங்கள். வெளிச்சக் கூம்பின் உள்விளிம்பு மட்டும் பொருளைத் தொட வேண்டும், நடுப்பகுதி வெறும் நீருக்குப் போகட்டும். மறுபடி வெறுந்தண்ணீர்ப் படம் எடுங்கள். ஐந்து நிமிட வேலைதான். ஆனால் குளிரில் இதைச் செய்யப் பொறுமை இருக்காது என்பதால் கரையிலேயே ஸ்ட்ரோப் கைகளை வைக்க வேண்டிய கோணத்தைப் பழகி, அவற்றின் மூட்டுகளில் பெயின்ட்டால் குறி வைத்திருக்கிறேன்.

கேமராவிலேயே இருக்கும் சின்ன ஃபிளாஷ் போர்ட் வழியாக நேராக அடிக்கிறதா என்றும் பாருங்கள். அடித்தால் கறுப்பு டேப்பால் மறைத்து, ஸ்ட்ரோப்புக்கு ஒளிச் சைகை கடத்தும் ஃபைபர் கேபிள் வரும் இடத்தில் மட்டும் திறப்பு விடுங்கள்.

நான்காவது, ஸ்ட்ரோப்பின் சக்தியைக் குறையுங்கள். முழுச் சக்தி தேவைப்படுகிறதென்றால் நீங்கள் தூரத்தில் இருக்கிறீர்கள் என்று அர்த்தம். மேலே இரண்டாவது காரணத்துக்குத் திரும்பிப் போங்கள்.

ஐந்தாவது, ஸ்ட்ரோப்பை அணைத்துவிடுங்கள். ஸ்டோனி கோவில் 20 மீட்டர் சொச்ச ஆழத்தில் ஸ்டேன்கார்த் என்ற இழுவைக் கப்பல் கிடக்கிறது. டைவர்களுக்காகவே 2000இல் மூழ்கடித்தது. என்னோடு இறங்கும் நண்பர் ஒருவர் அதை முழுசாக ஒரே படத்தில் எடுக்க நான்கு வாரம் ஸ்ட்ரோப்போடு மல்லுக்கட்டினார். நான்கு வாரமும் ரவைதான் கிடைத்தது. ஐந்தாவது வாரம் ஒரு ஸ்ட்ரோப்பின் பேட்டரி போய், கோபத்தில் மற்றதையும் அணைத்துவிட்டு ஐஎஸ்ஓவை (சென்சாரின் ஒளியுணர்வு) 1600க்கு ஏற்றி, மேலிருந்து வரும் வெளிச்சத்திலேயே எடுத்தார். கறுப்பு வெள்ளையாக மாற்றிய அந்தப் படம் இன்றும் அவர் வீட்டு வரவேற்பறையில் தொங்குகிறது. ஸ்காட்லாந்தின் ஸ்காபா ஃப்ளோவில், 1919 ஜூன் 21 அன்று ஜெர்மன் மாலுமிகள் தாங்களே மூழ்கடித்த போர்க்கப்பல்களை எடுப்பவர்களும் பெரும்பாலும் இதே வழிக்குத்தான் வருகிறார்கள். நூற்றைம்பது மீட்டர் நீளக் கப்பலுக்கு எந்த ஸ்ட்ரோப் எட்டும்?

இத்தனையும் பார்த்த பிறகுதான் லென்ஸைப் பற்றி யோசிக்க வேண்டும். அகலக்கோணத்துக்கு மிக அகலமாகக் காட்டும் ஃபிஷ்ஐ லென்ஸும் சின்ன டோமும் (அரைக்கோளப் போர்ட்) இருந்தால் பொருளை முட்டும் தூரத்துக்குப் போகலாம். மேக்ரோவில் (சின்ன உயிர்களைப் பெரிதாக எடுப்பது) 105 மில்லிமீட்டர் லென்ஸுக்குப் பதில் 60. தூரம் குறையக் குறைய நடுவில் இருக்கும் தண்ணீரும் குறையும். இதற்காகக் கடன் வாங்காதீர்கள். முதல் நான்கையும் சரிசெய்யாமல் வாங்கிய ஃபிஷ்ஐ ஒன்று என் அலமாரியில் இரண்டு வருடம் தூங்கியது.

## ரவை இல்லை, ஆனால் படம் பால் கலந்தது போல மங்கல்

### ஆரம்பத்தில் நன்றாக இருந்து, பத்து நிமிடத்தில் மங்கினால்

போர்ட்டின் உள்பக்கம் பனித்திருக்கிறது. கரையேறியதும் டார்ச்சைச் சாய்வாக அடித்துப் பாருங்கள். வெளியே துடைத்தும் போகாத மூட்டம் தெரிந்தால் உறுதி.

காரணம் பெரும்பாலும் ஹவுசிங்கை மூடிய இடம்தான். என் கதையைச் சொல்கிறேன். வெளியே பனி கொட்டுகிறது என்று காரில் ஹீட்டரைப் போட்டு, ஈரமான தலையோடு, சூடான தேநீர்க் கோப்பை பக்கத்தில் ஆவி விட, அங்கேயே உட்கார்ந்து ஹவுசிங்கைப் பூட்டினேன். அந்தச் சூடான ஈரக்காற்றை உள்ளே அடைத்து 5 டிகிரி தண்ணீரில் இறக்கினால் என்ன ஆகும்? 20 டிகிரி அறையில் ஈரப்பதம் 60 சதவீதம் இருந்தாலே 12 டிகிரியில் பனிக்கத் தொடங்கிவிடும். எனக்குப் பனித்தது கண்ணாடி டோம். அன்று பைக் என்ற நன்னீர் வேட்டை மீன் ஒன்று மூக்குக்கு முன்னால் அசையாமல் நின்றது. நாற்பது படம் எடுத்தேன், நாற்பதும் மூடுபனி.

செய்ய வேண்டியது: கேமராவையும் ஹவுசிங்கையும் திறந்தபடியே வெளியில், நிழலில், மழை படாமல் கால் மணி நேரம் குளிர விட்டு, அங்கேயே மூடுங்கள். கைகளையும் தலையையும் துடைத்துக்கொள்ளுங்கள், உள்ளே மூச்சு விடாதீர்கள். ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று இரண்டு போடுங்கள். நிறம் மாறியிருந்தால் அது செத்த ஜெல். அடுப்பில் காயவைத்துத்தான் மறுபடி உதவும். வீடியோ அதிக நேரம் ஓட்டினால் கேமரா சூடாகி உள்ளே இருக்கும் ஈரத்தை ஆவியாக்கிக் கண்ணாடியில் விடும், ஆகவே துண்டு துண்டாக எடுங்கள்.

இவ்வளவு செய்தும் பனித்தால், அதுவும் ஒரே மூலையில் சொட்டாக நின்றால், அது பனியாக இருக்காது. கசிவு. கடைசித் தலைப்புக்குப் போங்கள்.

திரும்பும்போது இதற்கு நேர்மாறு நடக்கும். குளிர்ந்த ஹவுசிங்கைச் சூடான அறைக்குள் கொண்டுபோய் உடனே திறந்தால் கேமராவின் உடம்பு முழுக்க வியர்க்கும். மூடியபடியே ஒரு மணி நேரம் விடுங்கள்.

### ஒரு குறிப்பிட்ட ஆழத்தில் மட்டும் நெளிந்து மங்கினால்

கோடையில் மேல்நீர் சூடாகி, அடிநீர் குளிராகவே கிடக்கும். இரண்டும் சந்திக்கும் இடத்தில், தார்ச்சாலை மேல் வெயில் நெளிவது போலத் தண்ணீர் நெளியும். நார்வே ஃபியோர்டுகளில் (மலைகளுக்கு நடுவே நுழையும் கடல் கழிகள்) மேலே ஆற்றுநீரும் கீழே உப்புநீரும் சேரும் இடத்தில் இது இன்னும் மோசம், கண்ணாடியில் வாசலைன் பூசியது போல இருக்கும். சரிசெய்ய எதுவும் இல்லை. இரண்டு மீட்டர் கீழே போங்கள்.

### எப்போதும், எங்கும் ஒரே மங்கலாக இருந்தால்

தண்ணீரே அப்படி. வசந்தத்தில் கடல் பச்சைக் கஞ்சியாகும் வாரங்களில் அகலக்கோணத்தைக் கரையில் விட்டுவிட்டு மேக்ரோவோடு இறங்குங்கள்.

## ஃபோகஸ் முன்னும் பின்னும் ஓடுகிறது, பிடிக்கவில்லை

வெளிச்சமும் வேறுபாடும் இல்லாத நீரில் கேமராவுக்குப் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. ஃபோகஸ் புள்ளியை ஒன்றாகக் குறைத்து, அதை மீனின் கண் அல்லது நண்டின் கொடுக்கு விளிம்பு போலக் கறுப்பும் வெளுப்பும் சேரும் கோட்டில் வையுங்கள். நடுவில் மிதக்கும் துகளைப் பிடித்து ஏமாறுகிறதா என்று பாருங்கள். ஏமாந்தால் ஃபோகஸை ஷட்டர் பொத்தானிலிருந்து கேமராவின் பின்பொத்தானுக்கு மாற்றி, ஒருமுறை பிடித்துப் பூட்டிவிட்டு, நீங்களே முன்னும் பின்னும் அசைந்து எடுங்கள்.

அதற்கும் அடங்கவில்லையென்றால் ஒரு ஃபோகஸ் விளக்கு. ஹவுசிங்கின் நேர் மேலே வைக்காதீர்கள், அதுவும் துகளை எரிய வைக்கும். பக்கவாட்டில், குறைந்த வெளிச்சத்தில் போதும். சிவப்பு வெளிச்சத்துக்குப் பல உயிர்கள் அவ்வளவாக மிரளாது.

கரையில் காற்றில் சோதித்தாலும் ஓடுகிறது, வேறு லென்ஸிலும் ஓடுகிறது என்றால் மட்டும் கேமராவைச் சர்வீஸுக்குக் கொடுங்கள்.

## எல்லாமே பச்சை

முன்னால் இருக்கும் பொருளும் பச்சையா, பின்னணி மட்டும் பச்சையா?

பொருளும் பச்சையென்றால் ஸ்ட்ரோப் வெளிச்சம் அதை எட்டவில்லை. கிட்டே போங்கள், அவ்வளவுதான். பின்னணி மட்டும் பச்சையென்றால் கோளாறே இல்லை. இந்த நீரின் நிறம் அது. ரா கோப்பாக (கேமரா பதப்படுத்தாத மூலப்படம்) எடுத்து, பின்னர் கொஞ்சம் மெஜெந்தா பக்கம் தள்ளலாம். செங்கடல் நீலத்தை இங்கே வரவழைக்கப் பார்ப்பவர்களை எனக்குப் புரிவதில்லை. பச்சை ரொம்ப வெளுத்திருந்தால் ஷட்டரை 1/60இலிருந்து 1/125க்கு ஏற்றுங்கள், பின்னணி அடர் பச்சையாக இறங்கி நிற்கும்; ஸ்ட்ரோப் பட்ட பொருள் மாறாது.

## ஸ்ட்ரோப் எரியவில்லை, அல்லது படத்தில் ஒரு பட்டை கறுப்பு

கறுப்புப் பட்டை என்றால் ஷட்டர் உங்கள் கேமராவின் ஃபிளாஷ் வேகத்தைத் தாண்டிவிட்டது. 1/125க்கு இறக்குங்கள். தடித்த கையுறை சக்கரத்தில் பட்டு ஏறியிருக்கும்.

எரியவே இல்லை என்றால் இந்த வரிசையில்: ஃபைபர் கேபிள் இரண்டு முனையிலும் முழுக்க உட்கார்ந்திருக்கிறதா (குளிரில் கேபிள் விறைத்து, சுருளிலிருந்து தானே பிடுங்கிக்கொள்ளும்); கேமராவின் ஃபிளாஷ் அணைந்திருக்கிறதா; ஒலியில்லா எலக்ட்ரானிக் ஷட்டரில் கிடக்கிறதா; கேமராவும் ஸ்ட்ரோப்பும் ஒரே முறையில், இரண்டும் மேனுவலிலோ இரண்டும் டிடிஎல்லிலோ (ஃபிளாஷ் அளவைக் கேமராவே தீர்மானிக்கும் முறை) இருக்கின்றனவா. அதன் பிறகு பேட்டரி.

மின்கம்பி வைத்து இணைப்பவர்கள் பிளக்கின் ஊசிகளைப் பாருங்கள். பச்சைப் பூஞ்சாணம் போல அரிப்பு தெரிந்தால் கம்பியை மாற்றுங்கள். ஹவுசிங் பக்கத்துச் சாக்கெட் அரித்திருந்தால் அது தயாரிப்பாளரின் சர்வீஸ் மையத்தின் வேலை, வீட்டில் சுரண்டக் கூடாது.

## பேட்டரி பாதி டைவில் செத்துவிடுகிறது

மேலே வந்து, பேட்டரியை அரைமணி நேரம் சட்டைக்குள் வைத்துச் சூடாக்கி மறுபடி போடுங்கள். 40 சதவீதம், 50 சதவீதம் என்று உயிர் வந்தால் பேட்டரி நல்லதுதான், குளிர்தான் அமுக்கியது. உயிர் வராவிட்டால் பேட்டரிக்கு வயதாகிவிட்டது, மாற்றுங்கள்.

குளிருக்குச் செய்வது: இறங்கும் கடைசி நேரம்வரை பேட்டரி உடம்போடு இருக்கட்டும், ஒவ்வொரு டைவுக்கும் புதிதாகச் சார்ஜ் ஆனது, திரையின் ஒளி குறைவு. ஸ்ட்ரோப்புக்கு சாதாரண ஆல்கலைன் வேண்டாம். குளிரில் அது படுத்துக்கொள்ளும், நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு போடுங்கள். அலுமினிய ஹவுசிங் பிளாஸ்டிக்கைவிட வேகமாகக் குளிரும் என்பதையும் எதிர்பாருங்கள்.

## கை வேலை செய்யவில்லை

இதைக் கேமராக் கோளாறாகச் சொல்லித்தான் பலர் என்னிடம் வருகிறார்கள்: "பொத்தான் மாட்டிக்கிச்சு." மாட்டியது பொத்தான் அல்ல, விரல். கரையிலேயே மேனுவல், 1/125, எஃப் 8, ஐஎஸ்ஓ 400 என்று வைத்துவிட்டு இறங்குங்கள்; கீழே மாற்றுவது ஸ்ட்ரோப் சக்தி ஒன்றைத்தான். அதிகம் தொடும் பொத்தான்கள் இரண்டில் சின்னதாக எபாக்ஸிப் பசை வைத்து மேடாக்கினால் கையுறை வழியாகவும் தெரியும்.

விரல் நுனி மரத்து, பெருவிரலும் சுண்டுவிரலும் தொட்டுக்கொள்ள முடியவில்லையென்றால் படம் போதும், மேலே வாருங்கள். டிரைசூட்டின் (நீர் புகாத டைவிங் உடை) வால்வை இயக்கும் கையும் அதே கைதான். ரெகுலேட்டரும் (சிலிண்டரிலிருந்து மூச்சுக்காற்று தரும் கருவி) அப்படியே: 10 டிகிரிக்குக் கீழான நீருக்கு ஏற்றதல்ல என்றால் அதன் மேல் ">10 °C" என்ற குறி இருக்கும், அதோடு குளிர்காலத்தில் இறங்காதீர்கள். உறைந்து காற்றுக் கொட்டத் தொடங்கினால் கேமராவைக் கொக்கியில் தொங்க விட்டுவிட்டு உங்களோடு இறங்கிய துணை டைவரைப் பாருங்கள். பொத்தானைத் தேடிக்கொண்டிருக்காதீர்கள்.

## ஹவுசிங்குக்குள் ஈரம், அல்லது எச்சரிக்கை விளக்கு

### விளக்கு கரையிலேயே சிவப்பானால்

ஹவுசிங்கை மூடியதும் உள்ளிருக்கும் காற்றைப் பம்பால் உறிஞ்சி, அந்த வெற்றிடம் நிற்கிறதா என்று காட்டும் விளக்கு இது. வெப்பநிலை மாறினாலும் அதற்குக் குழப்பம் வரும். குளிரில் காற்றை உறிஞ்சிவிட்டு வெயில் விழும் காருக்குள் வைத்தால், உள்ளே அழுத்தம் கூடி ஓட்டை என்று கத்தும். இறங்கும் இடத்தின் குளிரிலேயே மறுபடி உறிஞ்சி, அரைமணி காத்திருங்கள். நின்றால் சரி.

நிற்கவில்லையென்றால் பின்மூடியின் ஓ-ரிங் (நீர் புகாமல் அடைக்கும் ரப்பர் வளையம்). டைவர்கள் மறக்கும் எதிரி ஒன்று இருக்கிறது: டிரைசூட்டுக்குள் போடும் கம்பளி உடை. அதன் இழை ஒன்று போதும். ஓ-ரிங்கைக் கழற்றி விரல்நுனியால் தடவி, பள்ளத்தைப் பஞ்சில்லாத துணியால் துடைத்து, மினுங்கும் அளவுக்கு மட்டும் கிரீஸ் தடவி மாட்டுங்கள். கிரீஸ் நீரைத் தடுப்பதில்லை, ரப்பர் வழுக்கி உட்காரத்தான் அது. தடித்துப் பூசினால் மணலைக் கூப்பிட்டு உட்கார வைக்கும். சிலிக்கான் ஓ-ரிங்குக்குச் சிலிக்கான் கிரீஸ் போடாதீர்கள், ஊதிவிடும். தயாரிப்பாளர் கொடுத்ததையே போடுங்கள்.

அப்படியும் கசிந்தால், கேமரா இல்லாமல், உள்ளே டிஷ்யூ தாளைச் சுற்றிலும் அடுக்கி, ஆழம் குறைந்த இடத்தில் பத்து நிமிடம் இறக்குங்கள். தாள் நனைந்த இடம் ஓட்டையைக் காட்டும். பின்மூடி ஓரம் நனைந்தால் உங்கள் வேலை. ஒரு பொத்தானின் அடியில் நனைந்தால் அதன் தண்டுக்குள் இருக்கும் ஓ-ரிங், அது சர்வீஸ் மையத்தின் வேலை. காலி ஹவுசிங்கை அழுத்தத் தொட்டியில் போட்டுச் சோதித்துத் தரச் சொல்லிக் கேளுங்கள்.

### தண்ணீருக்கடியில் விளக்கு கத்தினால்

போர்ட் கீழே பார்க்கும்படி திருப்பிப் பிடித்து, வழக்கமான வேகத்திலேயே மேலே வாருங்கள். கேமராவுக்காக வேகமாக ஏறுவது மடத்தனம். கரையில் வெளிப்பக்கத்தைத் துடைத்து, காப்பீடு இருந்தால் திறக்கும் முன் படம் எடுத்து, பின்னர் திறந்து கேமராவை அணைத்து, பேட்டரியையும் மெமரி கார்டையும் எடுத்துவிடுங்கள். மறுபடி "ஓடுதா பார்ப்போம்" என்று சுவிட்சைத் தொடாதீர்கள். குவாரியின் நன்னீரென்றால் பழுதுபார்ப்பவர் காப்பாற்ற வாய்ப்பிருக்கிறது. உப்புநீரென்றால் கேமரா உடம்பைப் பெரும்பாலும் கைகழுவிவிட வேண்டியதுதான். உப்புநீர் குடித்த லித்தியம் பேட்டரியை மறுபடி சார்ஜில் போடாமல், வீட்டுக்கு வெளியே, எரியாத இடத்தில் வைத்து அப்புறப்படுத்துங்கள்.

ஸ்ட்ரோப்புக்குள் நீர் புகுந்திருந்தால் பேட்டரி மூடியை முகத்துக்கு நேரே பிடித்துத் திறக்காதீர்கள். உள்ளே வாயு கூடி அழுத்தம் ஏறியிருக்கும். ஒருமுறை திருகியதும் என் மூடி துப்பாக்கி போலப் பறந்து பக்கத்துக் கார்க் கதவில் பள்ளம் விழ வைத்தது. கையுறை போட்டு, மூடியை யாரும் இல்லாத பக்கம் திருப்பி, அரைத் திருகு அரைத் திருகாகத் திறந்து காற்றை விடுங்கள். வழியும் திரவம் தோலில் பட்டால் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்.